எலியட் கவுண்டி, கென்டக்கி: 36 தேர்தலாக ஒரே கட்சி, அப்புறம் ஒரே இரவில் மாற்றமா?

#1 புளூகிராஸ்வாசி

பொதுத் தேர்தல் இழையில் "கிராமத்து அமெரிக்கா 2016-இல் ஒரே இரவில் கட்சி மாறிவிட்டது" என்று மூன்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அங்கே பதில் போட்டால் காணாமல் போய்விடும், அதனால் தனி இழை. நான் இருப்பது லெக்சிங்டனில். வேலை விஷயமாகக் கிழக்குக் கவுண்டிகளுக்கு (நம் ஊர் மாவட்டம் போல) அடிக்கடி போய்வருகிறேன். எந்தக் கட்சிக்காரனும் இல்லை, ஓட்டும் கிடையாது (கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவன்).

இடம்: கென்டக்கியின் கிழக்கே, அப்பலாச்சிய மலைப்பகுதியில் எலியட் கவுண்டி. அதன் தலைநகர் சாண்டி ஹுக். ஊருக்குள் அறுநூறு எழுநூறு பேர், கவுண்டி முழுக்கச் சேர்த்தால் ஏழாயிரத்துச் சொச்சம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெள்ளையர்.

கவுண்டி உருவானது 1869-இல். 1872 முதல் 2012 வரை நடந்த 36 அதிபர் தேர்தல்களிலும் ஒன்றுவிடாமல் ஜனநாயகக் கட்சியே இங்கே ஜெயித்தது. நிக்சன் 49 மாநிலங்களை அள்ளிய 1972-இலும் இங்கே மக்கவர்ன்தான். ரீகன் 49 மாநிலங்களை அள்ளிய 1984-இலும் மாண்டேல்தான். 1928-இல் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர் என்பதால் தெற்கே பல புராட்டஸ்டன்ட் ஊர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. எலியட் திருப்பவில்லை. அப்புறம் 2016. டிரம்ப் 70 சதவீதம், ஹிலாரி கிளின்டன் 26.

ஒரே இரவுதானே என்று தோன்றும். ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள் (ஏறத்தாழ):

2004: கெர்ரி 2060, புஷ் 870
2008: ஒபாமா 1535, மக்கெய்ன் 900
2012: ஒபாமா 1190, ராம்னி 1130
2016: கிளின்டன் 740, டிரம்ப் 2000

2004-க்கும் 2012-க்கும் நடுவில் ஜனநாயகக் கட்சி 870 ஓட்டு இழந்திருக்கிறது. ஆனால் எதிர்க்கட்சிக்குக் கூடியது 260 மட்டுமே. மீதி ஆட்கள் எங்கே? வீட்டில். முதலில் ஓட்டுச்சாவடிக்குப் போவதை நிறுத்தினார்கள். 2016-இல் மொத்த ஓட்டு மறுபடி 2850-க்கு ஏறியது, அதில் பெரும்பங்கு டிரம்ப் பக்கம் விழுந்தது. விலகல் 2008-இலேயே தொடங்கிவிட்டது. ஜெயித்தது யார் என்று மட்டும் பார்த்து வரைபடத்தில் நிறம் பூசுகிறவர்களுக்கு அது 2016-இல்தான் கண்ணில் பட்டது.

#2 சுடுகாப்பி

இவ்வளவு கணக்கு எதற்கு? 2004-இல் 2060, 2008-இல் 1535. நடுவில் என்ன நடந்தது? கட்சி ஒரு கறுப்பரை நிறுத்தியது. நாடு முழுக்க ஜனநாயகக் கட்சிக்கு அலை அடித்த வருடத்தில் இங்கே ஐந்நூறு பேர் காணாமல் போகிறார்கள். இதை இனவெறி என்று சொல்ல ஏன் இத்தனை கூச்சம்?

#3 வரைபடப்பித்தன்

கூச்சமெல்லாம் இல்லை சுடுகாப்பி. 2008 பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தல்) கென்டக்கி முழுக்க ஹிலாரி 65, ஒபாமா 30. 2012-இல் பதவியில் இருக்கும் அதிபருக்கு எதிராக யாருமே நிற்காதபோதும், அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களில் 42 சதவீதம் பேர் "யாருக்கும் இல்லை" என்ற கட்டத்தில் குத்தினார்கள். நம் ஊர் நோட்டா போல என்று வைத்துக்கொள்ளலாம். இதில் நிறத்துக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் நிறம் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, அதே 2008-இல் இந்தக் கவுண்டி ஒபாமாவுக்கு 61 சதவீதம் கொடுத்தது. இவ்வளவு வெள்ளையான ஒரு மலைக் கவுண்டியில் அது அபூர்வம். இரண்டு, 2016-இல் நின்றவர் வெள்ளைக்காரப் பெண்மணி, அதுவும் 2008 பிரைமரியில் இதே மாநிலத்தின் செல்லப்பிள்ளை. அவருக்கு ஒபாமாவைவிட மோசமான அடி.

புளூகிராஸ்வாசிக்கும் ஒன்று: உங்கள் கணக்கு மொத்த ஓட்டுகளை வைத்துப் போட்டது, ஆட்களைப் பின்தொடர்ந்து போட்டது அல்ல. 12 வருடத்தில் கிழவர்கள் செத்திருப்பார்கள், இளசுகள் வேலைக்கு வெளியூர் போயிருக்கும். 2004-இல் கெர்ரிக்குப் போட்ட அதே ஆள்தான் 2016-இல் டிரம்புக்குப் போட்டார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

#4 புளூகிராஸ்வாசி

சொல்ல முடியாதுதான், நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஏழாயிரம் பேர் உள்ள இடத்தில், வெளியிலிருந்து குடியேறுவோரும் மிகக் குறைவாக இருக்கும்போது, 2000 ஓட்டும் புது ஆட்களிடமிருந்து வந்திருக்க வழியில்லை. கணிசமானவர்கள் மாறித்தான் இருக்க வேண்டும்.

மக்கள்தொகை பற்றி ஒரு கொசுறு: அந்த ஏழாயிரத்தில் கைதிகளும் உண்டு. 2005-இல் அங்கே லிட்டில் சாண்டி என்ற மாநிலச் சிறை திறந்தார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் கைதி எந்தச் சிறையில் இருக்கிறாரோ அந்த ஊர்க்காரராக எண்ணப்படுவார், ஓட்டு மட்டும் கிடையாது. ஆகவே "ஏழாயிரம் பேரில் ஏன் இவ்வளவு குறைந்த ஓட்டு" என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

#5 மதுரைத்திண்ணை

ஊரிலிருந்து படிக்கும் எனக்கு அடிப்படைச் சந்தேகம். "அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களில் 42 சதவீதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எந்தக் கட்சி என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? கட்சி உறுப்பினர் அட்டையா? நன்கொடை கொடுத்து ரசீது வாங்க வேண்டுமா?

#6 புளூகிராஸ்வாசி

நல்ல கேள்வி. என் பார்வையில் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அட்டையும் இல்லை, ரசீதும் இல்லை. கென்டக்கியில் வாக்காளராகப் பதியும்போதே நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதிவிட வேண்டும் (கட்சி சாராதவர் என்றும் எழுதலாம்). நவம்பர் தேர்தலில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் மே மாதம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் பிரைமரியில் உங்கள் கட்சிச் சீட்டு மட்டுமே கையில் தருவார்கள். மாற வேண்டுமென்றால் முந்தைய வருடம் டிசம்பர் 31-க்குள் மாறியிருக்க வேண்டும். ஜனவரியில் யோசனை வந்தால் அந்த மே போச்சு.

இப்போது எலியட் போன்ற ஒரு இடத்தில் என்னென்ன பதவிக்குத் தேர்தல் என்று பாருங்கள். கவுண்டி ஜட்ஜ் எக்ஸிக்யூட்டிவ் (பெயர்தான் ஜட்ஜ், வழக்கு விசாரிப்பதில்லை, கவுண்டியின் நிர்வாகத் தலைவர்), மாஜிஸ்திரேட்டுகள் (இவர்களும் நீதிபதிகள் இல்லை, கவுண்டி மன்ற உறுப்பினர்கள்), ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்), கவுண்டி கிளார்க், கவுண்டி அட்டர்னி, சொத்து மதிப்பீட்டாளர், பிண விசாரணை செய்யும் கரோனர், ஜெயிலர். ஆமாம், ஜெயிலரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கென்டக்கியில் சிறையே இல்லாத சில டஜன் கவுண்டிகளிலும் ஜெயிலர் தேர்தல் உண்டு, சம்பளமும் உண்டு. அங்கே அவர் வேலை கைதிகளைப் பக்கத்துக் கவுண்டிச் சிறைக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவது. பதவியேற்கும்போது இவர்கள் அனைவரும் "நான் இதுவரை யாருடனும் கொலை ஆயுதம் எடுத்து ஒற்றைக்கு ஒற்றை மோதியதில்லை" என்று உறுதிமொழியும் எடுக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு அரசியல் சட்டம், இன்னும் யாரும் நீக்கவில்லை.

தனியார் வேலை குறைந்த மலைக் கவுண்டியில் இந்தக் கோர்ட்ஹவுஸ் பதவிகள் சாதாரணமில்லை. எந்தச் சாலைக்கு முதலில் சரளை கொட்டுவது, யாரை ஷெரிஃபின் டெபுடியாகச் சேர்ப்பது, கோடையில் பையனுக்குப் புல் வெட்டும் வேலை கிடைக்குமா என்பதெல்லாம் இங்கே முடிவாகும். எலியட்டில் தலைமுறை தலைமுறையாக இந்தப் பதவிகளுக்கு உண்மையான போட்டி நவம்பரில் நடந்ததில்லை. மே மாத ஜனநாயகக் கட்சிப் பிரைமரியிலேயே முடிந்துவிடும். குடியரசுக் கட்சி என்று பதிந்தவருக்கு அந்தப் போட்டியில் ஓட்டே இல்லை. மாமா மாஜிஸ்திரேட்டுக்கு நிற்கும்போது மருமகன் வேறு கட்சியில் பதிந்திருந்தால் கைகட்டி வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்த ஊரில் ஜனநாயகக் கட்சி என்பது வாஷிங்டன் கொள்கைகளுக்குக் கொடுத்த சம்மதம் அல்ல. உள்ளூர் ஆட்டத்தில் கலந்துகொள்வதற்கான நுழைவுச்சீட்டு. அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் நவம்பரில் அதிபர் பெயருக்கும் பழக்கத்தில் குத்தினார்கள். கென்டக்கி வாக்குச்சீட்டில் ஒரே குத்தில் மொத்தக் கட்சிக்கும் போடும் வசதி இன்றுவரை இருக்கிறது, பல மாநிலங்கள் அதை எடுத்துவிட்டன.

#7 ஓஹையோக்கரை

சின்சினாட்டியிலிருந்து. உள்ளூர்ப் பதவி பற்றிச் சொன்னது சரி, ஆனால் வாஷிங்டன் பக்கத்திலிருந்தும் ஒரு கயிறு இருந்தது. புகையிலை.

கிழக்குக் கென்டக்கி என்றாலே எல்லோரும் நிலக்கரி என்கிறார்கள். எலியட்டில் சுரங்கத்தைவிடப் பர்லி என்ற வகைப் புகையிலைதான் முக்கியமாக இருந்தது. ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த திட்டம் ஒவ்வொரு பண்ணைக்கும் இவ்வளவுதான் பயிரிடலாம் என்று ஒதுக்கீடு வைத்து, விலையையும் விழாமல் தாங்கியது. ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவனுக்குக்கூட வருடக் கடைசியில் கையில் ரொக்கம் வந்தது. "இந்தப் பணம் எந்தக் கட்சி கொடுத்தது" என்பது தாத்தா சொல்லிப் பேரனுக்குத் தெரிந்த விஷயம். 2004-இல் காங்கிரஸ் அந்தத் திட்டத்தை மூடி, ஒதுக்கீடு வைத்திருந்தவர்களுக்கு 2005 முதல் 2014 வரை பத்து வருடத் தவணையாக ஈட்டுத்தொகை கொடுத்தது. தவணை நின்றது 2014. அடுத்த வருடம் டிசம்பரில் ஆஷ்லண்டில் ஏகே ஸ்டீல் உலை நிறுத்தப்பட்டு அறுநூறு பேருக்கு மேல் வேலை போனது. அந்த ஆலைக்குச் சுற்றுவட்டாரக் கவுண்டிகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வண்டி ஓட்டிப் போய்வருவார்கள், யூனியன் வேலை. ஆக 2016 நவம்பருக்குள் புகையிலை, யூனியன் இரண்டு கயிறும் அறுந்தாயிற்று.

#8 சுடுகாப்பி

வறுமைக் கதை ஆரம்பித்துவிட்டது. சரி, ஒரு கேள்வி. ஜாக்சன் கவுண்டி, ஆவ்ஸ்லி கவுண்டி இரண்டும் அதே கென்டக்கி மலையில்தான் இருக்கின்றன. அதே வறுமை, அதே புகையிலை, அதே ரூஸ்வெல்ட் திட்டம். உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து அங்கே குடியரசுக் கட்சிதான். அவர்களுக்கு மட்டும் அந்தக் கயிறு ஏன் கட்டவில்லை?

#9 வரைபடப்பித்தன்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான் :)

போரில் வடக்குப் பக்கம் நின்ற மலைக் கவுண்டிகள் லிங்கனின் குடியரசுக் கட்சியில் தங்கிவிட்டன. மற்ற பக்கம் சாய்ந்த கவுண்டிகள் ஜனநாயகக் கட்சியில். அதற்குப் பிறகு இரண்டு இடத்திலும் புளூகிராஸ்வாசி சொன்ன அதே இயந்திரம்தான் ஓடியது. ஜாக்சனில் ஷெரிஃப் ஆக வேண்டும் என்றால் குடியரசுக் கட்சிப் பிரைமரி, எலியட்டில் ஆக வேண்டும் என்றால் ஜனநாயகக் கட்சிப் பிரைமரி. பெயர்தான் வேறு. பிறகு தேசிய அளவில் கட்சிகளின் நிலைப்பாடுகள் இடம் மாறியபோது ஜாக்சன்காரர் எதையும் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. எலியட்காரருக்கு வந்தது.

புகையிலைத் திட்டம் யாரையும் புதிதாகக் கட்சிக்குள் இழுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஓஹையோக்கரை. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அங்கேயே தங்க ஒரு காரணம் கொடுத்தது, அவ்வளவுதான்.

#10 மோர்ஹெட்அக்கா

எலியட்டை ஒட்டிய ரோவன் கவுண்டியில் பல வருடமாக இருக்கிறேன், இங்கே பல்கலைக்கழகம் இருப்பதால் நம்மவர்கள் சில குடும்பம் உண்டு. தம்பிகள் யாரும் சர்ச் பற்றியே பேசவில்லையே?

2015 ஞாபகம் இருக்கிறதா? ஓரினத் திருமணத்துக்கு லைசென்ஸ் தர மறுத்துச் சிறைக்குப் போன கவுண்டி கிளார்க் கிம் டேவிஸ் எங்கள் ரோவன்தான். 2014-இல் அவர் தேர்தலில் ஜெயித்தது ஜனநாயகக் கட்சி வேட்பாளராக. இந்த விவரம் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். புளூகிராஸ்வாசி சொன்ன நுழைவுச்சீட்டுக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது: நம்பிக்கை ஒரு பக்கம், பதிவு இன்னொரு பக்கம், இரண்டும் வருடக்கணக்கில் ஒன்றாகவே இருந்தன. செப்டம்பர் 2015-இல் சிறைவாசம் முடிந்து வெளியே வந்தார், அதே மாதம் குடியரசுக் கட்சிக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். 2018-இல் மறுபடி நின்று தோற்றார். தோற்கடித்தவர் ஜனநாயகக் கட்சிக்காரர்! ரோவனில் மாணவர்களும் பேராசிரியர்களும் இருப்பதால் கதை வேறு, எலியட்டுக்கு அதைப் பொருத்த வேண்டாம்.

கருக்கலைப்பு, துப்பாக்கி, இந்தத் திருமண விஷயம் மூன்றும் இங்கே ஞாயிற்றுக்கிழமை பேச்சு. முன்பெல்லாம் உள்ளூர் டெமாக்ரட் (ஜனநாயகக் கட்சி) வேட்பாளரும் அதே சர்ச்சில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அதனால் கட்சிக்கும் சர்ச்சுக்கும் மோதல் வரவில்லை. டிவியில் வரும் டெமாக்ரட் அந்தப் பெஞ்சில் இல்லை. உள்ளூர் வாரப் பத்திரிகை மெலிந்து, செய்தி முழுக்க ஃபாக்ஸ் நியூஸ் டிவியிலும் ஃபேஸ்புக்கிலும் என்றானபிறகு, ஜனங்கள் கட்சியை எடைபோடுவது டிவி ஆளை வைத்துத்தான்.

#11 சுடுகாப்பி

அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் நான் சொன்னதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: "டிவியில் வரும் டெமாக்ரட்" எந்த நிறத்தில், எந்த ஊர் உச்சரிப்பில் வந்தார் என்பதும் சேர்த்தி.

#12 மோர்ஹெட்அக்கா

சேர்த்திதான் தம்பி. இல்லை என்று நான் எங்கே சொன்னேன்?

#13 வரைபடப்பித்தன்

வாக்குச்சீட்டை மேலிருந்து கீழே படித்தால் விலகல் எந்த வரிசையில் நடந்தது என்று தெரியும். மேலே அதிபர் பெயர் முதலில் போனது. மாநிலப் பதவிகள் அடுத்து. கோர்ட்ஹவுஸ் கடைசி.

சாண்டி ஹுக்கின் பெரிய மனிதர் ராக்கி அட்கின்ஸ். 1987 முதல் மாநிலப் பிரதிநிதி, ஜனநாயகக் கட்சி. கருக்கலைப்பை எதிர்ப்பவர், துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர், மோர்ஹெட் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர். அக்கா சொன்ன அதே பெஞ்ச். 2016-இல் கென்டக்கிக் கீழவை கிட்டத்தட்ட நூறு வருடத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் கையைவிட்டுப் போனது. சபாநாயகர் கிரெக் ஸ்டம்போகூட ஃபிலாய்ட் கவுண்டியில் தன் சொந்த இடத்தை இழந்தார். டிரம்ப் 70 சதவீதம் வாங்கிய கவுண்டியைச் சேர்ந்த அட்கின்ஸ் தப்பினார்.

2019-இல் கவர்னர் பிரைமரியில் நின்றார், கிழக்குக் கவுண்டிகளில் அள்ளினார், ஆண்டி பெஷியரிடம் தோற்றார். நவம்பரில் பெஷியர் மாநிலம் முழுக்க ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். எலியட்டும் பெஷியருக்கே போட்டது. அதே நாளில் மற்ற மாநிலப் பதவிகள் எல்லாம் குடியரசுக் கட்சிக்குப் போயின என்பதையும் பாருங்கள். பெஷியர் அட்கின்ஸை ஆலோசகராக எடுத்துக்கொண்டார், அவர் இடம் காலியானது. 2020 பிப்ரவரி இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி குடியரசுக் கட்சிக்கு. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே ஜெயித்துவந்தது கட்சியா, ஆளா என்று கேட்டால் இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். அந்த நவம்பரில் டிரம்புக்கு எலியட்டில் நான்கில் மூன்று ஓட்டு.

#14 மதுரைத்திண்ணை

2016-இல் 70 சதவீதம் டிரம்ப், 2019-இல் பெஷியர், 2020-இல் மறுபடி டிரம்ப். நடுவில் மட்டும் எப்படி?

#15 மோர்ஹெட்அக்கா

பெவின்! அப்போது இருந்த கவர்னர் மாட் பெவின் டீச்சர்களின் ஓய்வூதியத்தில் கைவைத்தார். 2018-இல் சாக்கடைக் கழிவு பற்றிய ஒரு மசோதாவின் உள்ளே ஓய்வூதிய மாற்றத்தைத் திணித்து ராத்திரிக்குள் நிறைவேற்றினார்கள். மறுநாள் டீச்சர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள், பல கவுண்டிகளில் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. அந்தச் சட்டத்தை அந்த வருடக் கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே 2018 மே மாதம், கீழவையில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த ஜோனதன் ஷெல்லை அவருடைய சொந்தக் கட்சிப் பிரைமரியிலேயே ஒரு பள்ளி ஆசிரியர் தோற்கடித்தார்.

மலைக் கவுண்டியில் பெரும்பாலும் பெரிய முதலாளி பள்ளிக்கூடம்தான். டீச்சர் மட்டுமில்லை, பஸ் ஓட்டுகிறவர், சமையல்கட்டில் வேலை செய்கிறவர், அவர்கள் வீட்டில் இருக்கும் நாலு ஓட்டு. மெடிக்கெய்டும் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு: ஆண்டியின் அப்பா ஸ்டீவ் பெஷியர் கவர்னராக இருந்தபோது விரிவாக்கியது, இங்கே எத்தனையோ பேருக்கு முதல்முறையாக டாக்டரைப் பார்க்க வழி செய்தது. பெவின் அதைக் குறைக்கப் பார்த்தார். டிரம்ப் ஸ்டிக்கர் ஒட்டிய பிக்கப் வண்டி நிற்கிற வாசலிலேயே பெஷியர் பலகையும் நட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை, எனக்கும் கொஞ்சநாளில் பழகிவிட்டது.

#16 ஓஹையோக்கரை

அப்படியென்றால் ஜனநாயகக் கட்சி அந்த ஊரில் அட்கின்ஸ் மாதிரி ஆட்களை நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் என்கிறீர்களா?

#17 புளூகிராஸ்வாசி

எனக்கு நம்பிக்கை இல்லை. அட்கின்ஸ் 1987-இல் உள்ளே வந்தவர், அந்தக் காலத்து நுழைவுச்சீட்டு அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. இன்றைக்கு 25 வயதில் அரசியலுக்கு வரும் எலியட்காரர், அவர் சர்ச், துப்பாக்கி, கூடைப்பந்து எல்லாம் அப்படியே அட்கின்ஸ் மாதிரி இருந்தாலும், டெமாக்ரட்டாகப் பதிய என்ன காரணம் இருக்கிறது? 2022 கோடையில் மாநில அளவில் குடியரசுக் கட்சிப் பதிவு வரலாற்றில் முதல்முறையாக ஜனநாயகக் கட்சியைத் தாண்டியது. ஓட்டு எப்போதோ மாறிவிட்டது, பதிவு இப்போதுதான் வந்து சேர்கிறது.

கவனிக்க வேண்டியது அதிபர் தேர்தலை அல்ல. கோர்ட்ஹவுஸ் பதவிகளுக்கான 2026 தேர்தலை, அதன் மே மாதப் பிரைமரியை. ஷெரிஃபுக்கும் ஜட்ஜ் எக்ஸிக்யூட்டிவுக்கும் நிற்க நினைக்கும் நாலைந்து பேர் குடியரசுக் கட்சியில் மனுப் போட்டுவிட்டால், அவர்களுடைய மாமன் மச்சான் எல்லோரும் அதற்கு முந்தைய டிசம்பர் 31-க்குள் பதிவை மாற்றியிருக்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் ஒருதரம் மாறிவிட்டால் திரும்ப மாட்டார்கள், ஏனென்றால் ஆட்டமே அந்தப் பக்கம் போயிருக்கும். இன்னொரு ஜாக்சன் கவுண்டி ஆகிவிடும், வேறு பாதையில் வந்த ஜாக்சன்.

#18 சுடுகாப்பி

பதிவு விவரம் எங்கே பார்ப்பது? கவுண்டிவாரியாகக் கிடைக்குமா?

#19 வரைபடப்பித்தன்

மாநிலத் தேர்தல் வாரியத் தளத்தில் மாதாமாதம் கவுண்டிவாரியாகப் போடுகிறார்கள், கட்சி பிரித்து. எலியட்டுக்குப் பழைய மாதங்களையும் இறக்கி ஒரு வரைபடம் போடுகிறேன். வார இறுதி வரை பொறுங்கள்.